யாளிகளின் தண்ணீர்க் கணக்கு

2010 ஜூலை 14, சிதம்பரம்

சடையப்பனிடமிருந்து பதினோராம் அத்தியாயம் தபாலில் வந்தது. பென்சிலால் ஆறு இடம் திருத்தி, மாலையே திருப்பி அனுப்பிவிட்டேன். ஆறாவது திருத்தம் தேவைதானா என்று தபால் பெட்டி முன் இரண்டு நிமிடம் நின்றேன். ஒன்பதரண் படையில் கொடி பிடிப்பவன் யாளிக்கு இடப்பக்கம்தான் நடப்பான். அவர் மாற்றி எழுதிவிட்டார்.

யாருக்கு இதெல்லாம் தெரியப்போகிறது? ஒன்பதரண் பேரரசு உலகத்தில் எங்கும் இல்லை. நான் கல்லூரியில் வரலாறு நடத்திய இருபத்தெட்டு வருடமும் அது என் நோட்டுகளுக்குள் மட்டும் இருந்தது. ஒன்பது கோட்டைகளைப் பிடித்த வரிசை, படைப் பிரிவுகள், குதிரைக்குப் பதில் அவர்கள் ஏறிப்போன யாளிகளின் தீவனம், பிடித்த ஊரின் கிணறுகளைத் தூர்வாரிக் கொடுத்த பிறகே கொடியேற்ற வேண்டும் என்ற விதி – எல்லாம் நான் எழுதி வைத்தவை. கதை மட்டும் எனக்கு வரவில்லை.

சடையப்பன் அதே கல்லூரியில் ஆய்வக உதவியாளர். ஓய்வு பெற்று, காடாம்புலியூரில் முந்திரித் தோப்பைப் பார்த்துக்கொண்டிருந்தவர், "குடுங்க சார், நான் எழுதிப் பாக்குறேன்" என்றார். கொடுத்தேன். இப்போது வார இதழில் தொடர்கதை. என் பெயரையும் போடலாமா என்று ஆரம்பத்தில் கேட்டார். வேண்டாம் என்றேன். கூச்சம். அவர் இரண்டாம் முறை கேட்கவில்லை.

ஜூலை 23

இதழ் வந்ததும் ராஜாம்பாள்தான் முதலில் எடுக்கிறாள். கல்யாணமாகி முப்பத்தாறு வருடத்தில் என் நோட்டுகளை அவள் பிரித்ததில்லை.

"இந்தப் பொன்னி இருக்காளே, எங்க சின்னத்தையேதாங்க. தளபதியவே கரண்டியத் தூக்கிக்கிட்டு அடிக்க வரா!"

பொன்னி படையின் சமையல்காரி. என் நோட்டில் 'சமையற்படை – முந்நூறு பேர்' என்று ஒரே வரி. அந்த முந்நூறில் ஒருத்திக்குச் சடையப்பன் வாய் கொடுத்துவிட்டார்.

"அந்தச் சமையற்படையே நான் எழுதியது" என்றேன்.

"எழுதினீங்க. முந்நூறு பேர்ல ஒருத்தியாவது பேசினாளா?"

ஆகஸ்டு 19

நானே எழுதி அதே இதழுக்கு அனுப்பிய கதை திரும்பி வந்தது. உடன் ஒரு சீட்டு: 'தகவல்கள் சிறப்பு. மனிதர்களைக் காணோம்.' நான்கு முறை படித்தேன். யாரோ நல்ல கையெழுத்துக்காரர்.

ராஜாம்பாளிடம் சொல்லவில்லை.

செப்டம்பர் 3

பத்தொன்பதாம் அத்தியாயம். படை பத்தாவது கோட்டையான கருங்கோட்டையை முற்றுகையிடுகிறது. எண்ணூறு யாளிகள் இரண்டு மாதம் மலைமேல் முகாம். சுற்றிலும் பாறை. இருப்பது ஒரே ஏரி.

கணக்குப் போட்டேன். அவர் எழுதியபடி ஏரியில் இரண்டு லட்சம் குடம். யாளி ஒன்றுக்கு நாளைக்கு இருபத்திரண்டு குடம். போரிட்டு வந்த யாளி முதல் மூன்று நாள் இரு மடங்கு குடிக்கும். ஒன்பதாம் நாள் ஏரி வறண்டுவிடும். இரண்டு மாதமாம்!

இவ்வளவு பெரிய தவறு அவரிடமிருந்து வந்ததே இல்லை. மனசுக்குள் ஏதோ இனித்தது. எழுதவே வெட்கமாக இருக்கிறது.

செப்டம்பர் 4

நான்கு ஒற்றுப்பிழைகளை மட்டும் திருத்தி அனுப்பினேன்.

அக்டோபர் 1

அச்சில் வந்துவிட்டது. ஏரி நிரம்பியே இருக்கிறது, இரண்டு மாதமும்.

அக்டோபர் 8

வாசகர் கடிதங்கள் ஏழு. ஏழும் பொன்னியைப் பற்றி. ஏரியைப் பற்றி ஒரு ஆள், ஒரே ஒரு ஆள் கேட்கக்கூடாதா? நாட்டில் யாருக்கும் கழித்தல் தெரியாதா? அவர் எது எழுதினாலும் சரியா? யாளிக்கு நகம் எத்தனைன்னாவது தெரியுமா அந்த மனுஷனுக்கு? நான் சொல்லித்தானே –

போதும்.

அக்டோபர் 11

'ஆண்டி, கடலூர்' என்ற பெயரில் இதழுக்கு ஒரு கடிதம் எழுதினேன். மரியாதையாகத்தான். கணக்கை முழுதாகக் காட்டி, ஆசிரியர் அடிப்படைகளைக் கவனிப்பது நல்லது என்று முடித்தேன். சிதம்பரம் முத்திரை விழக்கூடாதே என்று பஸ் ஏறிக் கடலூர் போய், மஞ்சக்குப்பத்தில் பெட்டியில் போட்டேன். ராஜாம்பாளிடம் பல் டாக்டரைப் பார்க்கப் போவதாகச் சொன்னேன். "எந்தப் பல்லு?" என்றாள். கீழ்ப்பல் என்றேன்.

அக்டோபர் 22

கடிதம் கட்டம் கட்டி வந்திருக்கிறது. என் எழுத்து அச்சில்! மூன்று முறை படித்தேன். மத்தியானம் நன்றாகச் சாப்பிட்டேன்.

ஐந்து மணிக்கு சடையப்பன் போன்.

"சார், ஆண்டின்னு ஒருத்தர் எழுதியிருக்காரே, பாத்தீங்களா?"

"பார்த்தேன். கணக்கு சரிதான் போலிருக்கிறது."

"கணக்கு சரிதான் சார். ஆனா போர் முடிஞ்ச யாளி மூணு நாளு ரெண்டு பங்கு குடிக்கும்னு எழுதியிருக்காரு. நான் அத இதுவரிக்கும் எந்த அத்தியாயத்துலயும் எழுதலியே. உங்க நோட்டுலதான் இருக்கு. அவருக்கு எப்படித் தெரிஞ்சுது?"

இல்லாத மிருகத்தின் தாகம் அதைக் கற்பனை செய்தவனுக்குத்தானே தெரியும்? முத்திரை வரை யோசித்தவன் இதை யோசிக்கவில்லை. முட்டாள்.

"தெரியவில்லையே" என்றேன்.

"சரிங்க சார். உடம்பப் பாத்துக்கங்க."

நவம்பர் 12

அத்தியாயம் திருத்தத்துக்கு வரவில்லை. மூன்றாவது வாரம்.

நவம்பர் 19

ஒன்பதரண் தோற்றுவிட்டது. ஏரி ஒன்பதாம் நாள் வறண்டது. யாளிகள் ஒவ்வொன்றாகப் படுத்துவிட்டன. படை மலையிலிருந்து இறங்கியது. கடைசிக் குடம் தண்ணீரைப் பொன்னி உலையில் ஊற்றவில்லை. சாகக் கிடந்த யாளியின் வாயில் ஊற்றினாள். முந்தைய கணக்குப் பிழை என்றும் சுட்டிக்காட்டிய வாசகருக்கு நன்றி என்றும் அடியில் ஒரு குறிப்பு.

ராஜாம்பாள் மூக்கைச் சிந்திக்கொண்டே கூடத்திலிருந்து எழுந்து போனாள்.

கணக்கு என்னுடையது. அழவைத்தவர் அவர். என் பிழை கண்டுபிடிப்பைக்கூட அவரால்தான் கதையாக்க முடிகிறது. பொறாமை என்று எழுதிப் பார்க்கிறேன். ஆமாம், அதுதான்.

2011 பிப்ரவரி 4

இதழைக் கடையில் வாங்கி, மற்றவர்களைப் போலவே படிக்கிறேன். பிழைகள் கூடிவிட்டன. இன்று கொடி மறுபடியும் வலப்பக்கம். சொல்ல ஆளில்லை. சொன்னால் கேட்கவும் –

ஆகஸ்டு 15

மன்னிப்புக் கடிதம் எழுதினேன். நடை சரியில்லை. கிழித்தேன்.

டிசம்பர் 31

நேற்று விடியற்காலை புயல். 'தானே' என்று பெயராம். இங்கே கரண்ட் இல்லை. பண்ருட்டிப் பக்கம் ஒரு முந்திரி, ஒரு பலாகூட நிற்கவில்லை என்கிறார்கள். சடையப்பன் போன் எடுக்கவில்லை.

2012 ஜனவரி 8

வடலூரில் பஸ் மாறி, காடாம்புலியூர் போனேன். வழியெல்லாம் மரங்கள் வேரைக் காட்டிக்கொண்டு கிடந்தன. சடையப்பன் மனைவி பவானி வாசலிலேயே, "வாங்க சார். இப்பதான் வழி தெரிஞ்சுதா?" என்றார். தோப்புக்கு வழி கேட்டேன்.

சடையப்பன் தோப்பில், விழுந்த மரத்தின்மேல் உட்கார்ந்திருந்தார். வலது கையில் மாவுக்கட்டு. கிளை விழுந்து மணிக்கட்டு முறிந்திருக்கிறது.

"அந்த ஆண்டி –" என்று ஆரம்பித்தேன்.

"தெரியும் சார். போன் பண்ணப்பவே தெரியும். நீங்களே சொல்லுவீங்கன்னு பதினாலு மாசம் பாத்தேன்." என் முகத்தைப் பார்க்கவில்லை. "எங்கிட்ட சொல்லியிருந்தா திருத்தியிருப்பேன்ல? அத்தினி பேருக்கு முன்னாடி எதுக்கு சார்?"

"பொறாமை, சடையப்பன்."

வாய்விட்டே சொன்னேன். அவர் தோப்பைச் சுற்றிக் கையைக் காட்டினார். "இப்பவுமா?"

நான் சிரிக்கவில்லை. அவரும் சிரிக்கவில்லை. பிறகு பவானி டீ கொண்டுவந்தார். சடையப்பன் குடிக்க முடியாமல் இடக்கையில் தடுமாறினார். டம்ளரைப் பிடித்துக்கொண்டேன்.

"கதைய நிறுத்திடலாம்னு இருக்கேன். கையும் இல்ல, மனசும் இல்ல."

"நீங்கள் சொல்லுங்கள். நான் எழுதுகிறேன்" என்றேன்.

ஜனவரி 22

இரண்டாவது ஞாயிறு. அவர் சொல்ல, நான் எழுத, நான்கு பக்கம். பொன்னி பேசும்போது அவர் குரலே மாறிவிடுகிறது. அது எப்படி வருகிறது என்று இன்றும் வயிறு எரிந்தது. கை மட்டும் எழுதிக்கொண்டே இருந்தது.

தோற்ற படை ஊர் திரும்பும் இடத்தில் நிறுத்தி, "மலையடிவாரத்துலேருந்து ஆத்துக்குப் போய்ச் சேர எத்தினி நாளு ஆவும் சார்?" என்று கேட்டார்.

"மிச்சமிருக்கும் யாளிகளோடு ஆறு நாள். குறையாது."

"ஆறு ஜாஸ்தி சார். பொன்னிகிட்ட நாலு நாளுக்குத்தான் அரிசி இருக்கு. நாலு வெச்சுக்கலாம்."

ஆறு என்று எழுதியிருந்ததை அழித்தேன்.

நாலு என்று எழுதினேன்.