அந்த இரண்டாவது குரல் குறித்து

நவம்பர் 9

அன்புள்ள மகளுக்கு,

நானும் உன் அம்மாவும் நலம். நீயும் நலமாக இருக்க வேண்டும் என்று விரும்புகிறேன்; அதற்கு என் கோபம் குறுக்கே நிற்காது. மற்றவற்றை வரிசைப்படுத்தித்தான் எழுத வேண்டியிருக்கிறது.

1. ஆகஸ்ட் 14: என் மாலை வகுப்பு மாணவர்கள் ஆங்கிலம் பேசுவதைப் பதிவுசெய்து அனுப்பச் சொன்னாய். உங்கள் நிறுவனத்தின் ஆங்கிலப் பயிற்சிச் செயலிக்கு நம் உச்சரிப்பு பிடிபடவில்லை, அதைப் பழக்கவே இந்தக் குரல்கள் என்றாய்.
2. செப்டம்பர் 3: அனுப்பினேன். "சூப்பர்ப்பா, இதான் வேணும்" என்று எழுதினாய். வேறெதற்கும் பயன்படும் என்று எழுதவில்லை.
3. அக்டோபர் 27: அவற்றில் ஒரு குரல் உங்கள் விளம்பரமாக ஊரிலுள்ள கைப்பேசிகளில் எல்லாம் வந்தது.
4. நவம்பர் 2: தொலைபேசியில் கேட்டேன். "அந்தக் குரல்ல ஒரு உண்மை இருக்குப்பா, அதான் நானே எடுத்துக் குடுத்தேன்" என்றாய். நான் மேலும் கேட்டதும், "சம்மதம்னு பட்டனை அழுத்தினது நீங்கதானே?" என்றாய்.

அந்தக் கடைசிக் கேள்வியைத்தான் ஒரு வாரமாகச் சுமந்துகொண்டு திரிகிறேன். இதை எழுதும்போது உன் அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "பொண்ணுக்கு எழுதறீங்களா, வக்கீல் நோட்டீஸ் எழுதறீங்களா?" என்றாள். இரண்டும்தான் என்றேன்.

வெள்ளிக்கிழமை வகுப்பின் கடைசி அரை மணி நேரம் கதவைச் சாத்திவிடுவேன் என்பது உனக்குத் தெரியும். ஒவ்வொருவராக எழுந்து, வாயில் வந்த ஆங்கிலத்தை நிறுத்தாமல் பேச வேண்டும். யாரும் திருத்தக் கூடாது, சிரிக்கக் கூடாது, வெளியே போய்ச் சொல்லக் கூடாது. சிரித்தவர் அடுத்த வாரம் எல்லோருக்கும் தேநீர் வாங்கித் தர வேண்டும். மாணவர்களில் டாக்ஸி ஓட்டுகிறவர் இதுவரை வாங்கித் தந்த தேநீருக்கு ஒரு கடையே வைத்திருக்கலாம். பாடப் புத்தகத்தை வாசிக்கச் சொல்லிப் பதிவுசெய்திருந்தால் இந்த வினையே இல்லை. இயல்பான பேச்சு வேண்டும் என்று நீ கேட்டதற்காக, சாத்திய கதவுக்குள் கைப்பேசியைக் கொண்டுபோய் வைத்தவன் நான். நீ அனுப்பிய இணைப்பைத் திறந்ததும் அவரவர் கைப்பேசியில் நீண்ட ஒப்புதல் வாசகம் ஆங்கிலத்தில் வந்து நின்றது. எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். என் மகள் அனுப்பியது, பயப்பட ஒன்றுமில்லை என்று சொல்லி, ஒவ்வொரு கைப்பேசியையும் வாங்கி நானே அழுத்தினேன். அந்த அறையில் அதைத் தங்குதடையின்றிப் படிக்கக்கூடியவன் நான் ஒருவன்தான். நான் ஒரு வரிகூடப் படிக்கவில்லை. நீ அனுப்பியதால் படிக்கத் தோன்றவில்லை.

நீ எடுத்துக் கொடுத்த குரல் யாருடையது என்று நீ கேட்கவே இல்லை, நானே சொல்கிறேன். அவர் மருத்துவமனையில் நோயாளிகளைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு போகும் உதவியாளர். வகுப்பில் எல்லோருக்கும் அவர் வார்டு அக்கா. வெளிநாட்டு நோயாளிகள் வருவதால் ஆங்கிலம் பேச வேண்டிய வரவேற்பு மேசை ஒன்று அங்கே இருக்கிறது. அந்த மேசைக்குப் பின்னால் உட்கார வேண்டும் என்பதற்காகவே இரண்டு வருடமாக என்னிடம் வருகிறார். உங்கள் விளம்பரத்தில் முதலில் அவர் திணறுகிறார், பின்னணியில் யாரோ சிரிக்கிறார்கள். பிறகு 'எங்கள் செயலியில் பழகிய பின்' என்று சொல்லி அதே குரல், அதே கரகரப்பு, அவர் மூச்சு வாங்கும் அதே விதம், ஆனால் பிசிறில்லாத ஆங்கிலம். அவர் ஒருநாளும் பேசாத வாக்கியங்களை இயந்திரம் அவர் குரலில் பேசுகிறது. வேலை செய்யும் இடத்தில், "எங்க, அந்த ரெண்டாவது குரல்ல ஒரு வார்த்தை பேசேன், கேப்போம்" என்று வழிமறிக்கிறார்கள். அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். அவருடைய மேற்பார்வையாளர் அம்மா விளம்பரத்தை நம்பிவிட்டார். "கமுக்கமா இருந்துட்டியே!" என்று தட்டிக்கொடுத்து, வரவேற்பு மேசைக்கான நேர்காணலில் இவர் பெயரை முதலாவதாக எழுதிவிட்டார். நேர்காணல் இம்மாதம் 24. போய் வாயைத் திறந்தால் ஏமாற்றுக்காரி என்பார்கள். போகாவிட்டால் இரண்டு வருட உழைப்பு போயிற்று. நானே போய் அந்த அம்மாவிடம் விளக்கினேன். "மெஷினா? அவ குரல் எனக்குத் தெரியாதா சார்? மாணவியை மாதிரியே நீங்களும் ரொம்ப அடக்கம்" என்று சிரித்து அனுப்பிவிட்டார்.

வகுப்புக்கு வராமல் நின்றுவிட்ட வார்டு அக்காவைத் தேடி வீட்டுக்குப் போனேன். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன், நாற்காலியைத் துடைத்துப் போட்டார். "அந்தப் பொம்பளை நல்லாத்தான் பேசறா சார். ஆனா அது என் தொண்டை. இப்பல்லாம் இங்கிலீஷ்ல வாயத் தொறந்தா, அவதான் நல்லா இருந்தான்னு எனக்கே தோணுது" என்றார். இந்த வெள்ளிக்கிழமை வழக்கம்போல் கதவைச் சாத்தினேன். யாரும் எழவில்லை. டாக்ஸி ஓட்டுகிறவர், "சார், தப்பா எடுத்துக்காதீங்க, உங்க போனை வெளியில வெச்சிட்டு வரீங்களா?" என்று மரியாதையாகக் கேட்டார். வைத்துவிட்டு வந்தேன். அப்போதும் யாரும் பேசவில்லை. முப்பது வருடம் பாடம் நடத்தியவன் கரும்பலகையைத் துடைப்பது போல முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றேன்.

கருவிகள் மேல் எனக்குப் பகை இல்லை. உதட்டசைவைத் திரையில் காட்டி ஒலிகளைப் பழக்கியவன் நான். வெட்கத்தால் வாய் திறக்காதவர்கள் கைப்பேசியோடு தனியாகப் பேசிப் பழகியதைப் பார்த்து உன் வேலையை நினைத்துப் பூரித்தவனும் நான். அந்தப் பூரிப்பில்தான் கண் தெரியாமல் போயிற்று.

அம்மா எழுதச் சொன்னவை: முதுகுவலிக்கு நாற்காலியை மாற்று, மதியச் சாப்பாட்டைத் தள்ளிப்போடாதே. நானும் அதையே சொல்கிறேன். நீ நீண்ட நாள் நன்றாக வாழ வேண்டும். அந்த ஆசியில் ஒரு குறையும் வைக்கவில்லை.

எனக்கு வேண்டியவை இரண்டு. விளம்பரம் நீக்கப்பட வேண்டும். இரண்டாவது குரல் இயந்திரம் உண்டாக்கியது, அந்தப் பெண்ணுக்கு இது தெரியாது என்று உங்கள் நிறுவனம் எழுதித் தர வேண்டும். 24ஆம் தேதி காலை அதை நேர்காணல் அறையில் நானே கொடுப்பேன். முடியாது என்றால் அதையும் எழுத்தில் சொல். தொலைபேசியில் கூப்பிடாதே, குரல் பதிவாகவும் அனுப்பாதே. பேசுவது நீதானா என்று இனி என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. உன் கையால் எழுதி, கையொப்பமிட்ட பதில், நவம்பர் 20 மாலைக்குள் என் கைக்கு வந்து சேர வேண்டும்.

இப்படிக்கு,
உன் அப்பா