அழுத்திய பிறகும் ஓடிய பெல்ட்

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கள் முழங்கால் வலி தேவலையா? அப்பா மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாரா? நான் நன்றாக இருக்கிறேன்.

போன வாரம் கிடங்கில் ஒரு சின்ன விபத்து. எனக்கு ஒன்றுமில்லை, பயப்படாதீர்கள். பெட்டிகள் நகரும் பெல்ட்டில், பொட்டலம் கட்டும் அக்காவின் கையுறை சிக்கிக்கொண்டது. பக்கத்தில் நின்ற நான் நிறுத்தும் பொத்தானை அழுத்தினேன். பெல்ட் நிற்கவில்லை. அதை ஓட்டும் கணினி புரோகிராமை நான் எழுதிய மொழியின் குணம் அப்படி. நில் என்றால் குறித்துக்கொள்ளும், கையில் இருக்கும் வேலையை முடித்த பிறகுதான் கேட்கும். பாதியில் நிறுத்தினால் சரக்குக் கணக்கு குழம்பிவிடும் என்றுதான் அந்த ஏற்பாடு. வழக்கமாகக் கண் இமைக்கும் நேரம்தான் ஆகும். அன்று பெரிய கணக்கு ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. அக்காவுக்கு இரண்டு விரல்கள் முறிந்துவிட்டன.

"புரோகிராமையே உடனே நிக்கிற மாதிரி மாத்திடும்மா," என்றார் மேலாளர்.

"அப்படி மாத்தினா கணக்கு அடிக்கடி கெட்டுப்போகும் சார். பொத்தானை நேரா கரண்டோட இணைச்சிடலாம். பெல்ட் மட்டும் நிக்கும்."

"எந்தப் பெட்டி எங்க நிக்குதுன்னு அப்புறம் எப்படித் தெரியும்?"

"கையால எண்ணிக்கலாம் சார்."

அவருக்கு அரை மனசுதான். ஆனாலும் நேற்று மின்பணியாளர் வந்து மாற்றிவிட்டார்.

மருத்துவமனையில் அக்கா கேட்டாள்: "நீ அழுத்தினதை நான் பாத்தேன். அப்புறமும் ஏன் ஓடுச்சு?" எனக்குக் காரணம் தெரியும். சீப்பை எடுத்தேன். அவள் தலையைப் பின்னிவிட்டு வந்தேன்.

தலையணை உறை தைக்க உங்கள் பழைய நூல் புடவை ஒன்று அனுப்புங்கள். துவைக்க வேண்டாம்.

வேலைக்குப் போகும் பஸ் வந்துவிட்டது. அப்பாவிடம் விரல் விஷயத்தைச் சொல்லாதீர்கள்.

உங்கள் மகள்