அழைப்பு மணியைக் கழற்றிவிட்டேன்

அன்புள்ள என்னவருக்கு,

நான் நலம். நீங்களும் நலமாக, முக்கியமாகக் கோபம் தணிந்து, இருக்க வேண்டும். போனில் சொல்லாமல் எதற்குக் கடிதம் என்று கேட்பீர்கள். கடைசி மூன்று முறையும் நான் பாதி சொல்வதற்குள் போனை வைத்துவிட்டீர்கள். கடிதத்தையும் கீழே வைக்கலாம்தான். ஆனால் மறுபடி எடுத்தால் விட்ட இடத்திலேயே இருக்கும்.

முதலில் தலையான செய்தி. வீட்டைக் காலி செய்யவில்லை. மாதக் கடைசிக்குள் நான் உங்கள் அக்கா வீட்டுக்குப் போகாவிட்டால் வீட்டுக்காரருக்கு நீங்களே எழுதிவிடுவதாகச் சொன்னீர்களே, எழுத வேண்டாம். எழுதிவிட்டீர்கள் என்றால் அதை மறுத்து இன்னொன்று எழுதுங்கள். ஊராருக்கு மனு எழுதிக் கொடுக்கும் எதிர்வீட்டு மனுக்காரரைத் தேடி வருகிறவர்களால் வந்த தொல்லை தீர்ந்துவிட்டது. எப்படித் தீர்ந்தது என்று ஒன்று விடாமல் சொல்கிறேன். டீ போட்டுக்கொண்டு உட்காருங்கள்.

நீங்கள் இருந்தபோதே ஒரு நாளைக்குப் பத்துப் பேர் வருவார்கள். நீங்கள் போன இந்த நான்கு மாதத்தில் அது இருபது, இருபத்தைந்து ஆனது. மனுக்காரர் நன்றாக எழுதுகிறார் என்று ஊர் முழுக்கப் பெயராகிவிட்டது. ஓய்வூதியம் வராதவர்கள், பிறப்புச் சான்றிதழில் பெயர் தப்பானவர்கள், குழாய் இணைப்பு கேட்டுக் களைத்துப் போனவர்கள், எல்லோருக்கும் நம் மூன்றாம் மாடிதான் போக்கிடம். நான் இரவுப் பணி முடிந்து ஆஸ்பத்திரியிலிருந்து காலை எட்டு மணிக்கு வந்து, குளித்து, ஒன்பதுக்குப் படுப்பேன். சரியாக ஒன்பதே காலுக்கு முதல் ஆள். அவர் வீட்டு மணியை ஐந்து முறை அடிப்பார்கள். கதவு திறக்காது. உடனே திரும்பி நம் வீட்டு மணி. திறந்தால், அவர் இல்லையா, எப்போது வருவார், கொஞ்சம் தண்ணீர் கிடைக்குமா, இந்தக் கட்டைப்பை இங்கே இருக்கட்டுமா. படியில் உட்கார்ந்து குடும்பக் கதை வேறு. யாருடைய மருமகள் யாரோடு பேசுவதில்லை என்பதெல்லாம் இப்போது எனக்கு மனப்பாடம்.

உங்களிடம் சொல்லாத ஒன்றை இப்போது சொல்கிறேன். இரண்டு மாதத்துக்கு முன்னால் ஒரு விடியற்காலை, ஆறாம் படுக்கைக்காரரின் மாத்திரையை எடுத்துக்கொண்டு ஒன்பதாம் படுக்கைக்குப் போய் நின்றேன். கண்கள் திறந்துதான் இருந்தன, புத்திதான் தூங்கிக்கொண்டிருந்தது. அந்தப் பெரியவர் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "என்னோடது மஞ்சளா இருக்குமேம்மா, இது வெள்ளையா இருக்கு" என்றார். அவர் மட்டும் பேசாமல் விழுங்கியிருந்தால்? நானே போய்த் தலைமைச் செவிலியரிடம் சொல்லி, பதிவேட்டிலும் எழுதினேன். பதினாறு வருடத்தில் முதல் முறை. அவர் திட்டவில்லை. இன்னொரு தடவை நடந்தால் மருந்து அலமாரிச் சாவியை என்னிடமிருந்து வாங்கிக்கொள்வதாக மட்டும் சொன்னார். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

இதைச் சொன்னால், பார்த்தாயா, வேலையை விடு என்பீர்கள் என்றுதான் மறைத்தேன். உங்கள் அக்கா வீட்டிலிருந்து ஆஸ்பத்திரிக்கு இரண்டு பஸ் மாறி மூன்று மணி நேரம். அங்கே போவது என்றால் வேலையை விடுவது என்றுதான் அர்த்தம். நீங்கள் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. உங்கள் அக்கா நல்லவர், என்னைத் தாங்குவார். ஆனால் எனக்குத் தாங்குகிற ஆள் வேண்டாம், ஆறு மணி நேரத் தூக்கம் வேண்டும்.

சரி, இனி நான் செய்த அசட்டு வேலையைக் கேளுங்கள். சிரிக்க உங்களுக்கு முழு அனுமதி. ஒரு அட்டையில் கொட்டை எழுத்தில், "மணி அடிக்காதீர்கள். இரவுப் பணி முடித்து வந்த செவிலியர் தூங்குகிறார்" என்று எழுதிக் கதவில் ஒட்டினேன். எனக்கே உச்சி குளிர்ந்துவிட்டது, எவ்வளவு நாசூக்காக எழுதியிருக்கிறேன் என்று. மறுநாள் ஒன்பதரைக்கு மணி அடித்தது. ஓர் அம்மா, கையில் ரத்தப் பரிசோதனைச் சீட்டு. நர்ஸ் இங்கேதான் இருக்கிறீர்களாமே, இதில் சர்க்கரை எவ்வளவு என்று பார்த்துச் சொல்லுங்கள் என்றார். அடுத்தவர் முழங்கால் வலி. அதற்கடுத்தவர் ஊசியோடு மருந்தையும் கையோடு கொண்டு வந்திருந்தார். மனுக்காரர் கதவு திறக்காத நேரத்தில் சும்மா நிற்பானேன், வைத்தியத்தையும் முடித்துக்கொள்ளலாம் என்று படி முழுக்க ஒரே சுறுசுறுப்பு. ஒரே வாரத்தில் அட்டையைக் கிழித்துவிட்டேன். அட்டை போனது, ஆட்கள் போகவில்லை.

மனுக்காரரிடம் நான் முறையிடாமல் இல்லை. மாலையில் அவர் கீழே நடக்கப் போகும்போது வழிமறித்து மூன்று முறை சொன்னேன். மூன்று முறையும் தலையைத் தலையை ஆட்டி, வாய் நிறையச் சிரித்து, கும்பிட்டுவிட்டுப் போனார். எவ்வளவு நெஞ்சழுத்தம் என்று நீங்கள் அவரைத் திட்டியதையெல்லாம் நானும் மனசுக்குள் ஒரு முறை திட்டிக்கொண்டேன். நீங்கள் படியில் அவரைத் தேடி வந்த ஓர் ஆளோடு மல்லுக்கு நின்றதும், அந்தக் கோபத்திலேயே என்னோடும் சண்டை போட்டுக்கொண்டு பாலம் கட்டும் வேலைக்குக் கிரேன் ஓட்டக் கிளம்பியதும் நியாயம்தான் என்றுகூட ஒரு நாள் தோன்றியது. ஒரே ஒரு நாள்தான்.

மூன்று வாரத்துக்கு முன்னால், பகல் பதினொரு மணி இருக்கும், ஏழாவது ஆள் மணி அடித்ததும் எழுந்து நேரே எதிர்வீட்டுக்குப் போனேன். கதவைத் தட்டியதும் தானாகவே திறந்துகொண்டது. அவர் முதுகைக் காட்டி உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தார். ஐயா என்று கூப்பிட்டேன். கத்தினேன். மனுஷன் திரும்பவில்லை. பக்கத்தில் போய்ப் பார்த்தால், மேசையில் முத்திரை மை டப்பாவுக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கிண்ணம். அதில் காது கேட்கும் கருவி.

எனக்குச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. தினமும் நூறு நோயாளியைப் பார்க்கிற நான், எதிர்வீட்டுக்காரருக்குக் காது கேட்காது என்பதை ஆறு மாதமாகக் கண்டுபிடிக்கவில்லை.

நான் முன்னால் போய் நின்றதும் அவசரமாகக் கருவியை மாட்டிக்கொண்டார். ஏன் கழற்றி வைக்கிறீர்கள் என்று கேட்டேன். "மாட்டினா மின்விசிறிச் சத்தமே இடி மாதிரி கேக்குதும்மா. மனுவுல ஒரு எழுத்து தப்பினா, பாவம், அவங்க ஆறு மாசம் அலையணும்" என்றார். மாலையில் நடக்கப் போகும்போதும் தெருச் சத்தத்துக்குப் பயந்து மாட்டுவதில்லையாம். நான் மூன்று முறை வழிமறித்ததும் நலம் விசாரிக்க என்று நினைத்துக்கொண்டாராம். எதிர்வீட்டுப் பெண் தங்கமான பெண், எதுவானாலும் கேளுங்கள் என்று வருகிறவர்களிடமெல்லாம் வேறு சொல்லி வைத்திருக்கிறார். சண்டை போடப் போனவள் சிரித்துவிட்டேன். பிறகு அந்த மஞ்சள் மாத்திரை விஷயத்தைச் சொன்னேன். அவர் பேனாவை மூடி வைத்தார். நமக்கு ரெண்டு பேருக்கும் தப்பு வரக் கூடாத வேலை என்றார். அதற்கு மேல் நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.

வழி நான்தான் கண்டுபிடித்தேன், பெருமையாகவே சொல்லிக்கொள்கிறேன். எங்கள் வார்டில் நோயாளி பொத்தானை அழுத்தினால் மணி அடிக்காது, எங்கள் மேசையில் விளக்கு எரியும். அதே மாதிரி ஏன் கூடாது? ஆஸ்பத்திரி எலக்ட்ரீஷியனை, நாங்கள் ஃபியூஸ் அண்ணன் என்று கூப்பிடுவோமே, அவரைக் கூட்டி வந்தேன். மனுக்காரர் மேசையில், அவர் கண்ணுக்கு நேராக, ஒரு சிவப்பு விளக்கு. அவர் வாசல் பொத்தானை அழுத்தினாலும் அது எரியும். நம் வாசல் பொத்தானை அழுத்தினாலும் அதுதான் எரியும். நம் வீட்டு மணியைக் கழற்றிப் பரண் மேல் போட்டாயிற்று. காத்திருக்கிறவர்கள் உட்கார மனுக்காரர் தன் வீட்டுக்குள்ளேயே இரண்டு பெஞ்சு போட்டுவிட்டார். படி காலி. பரிசோதனைச் சீட்டுக்காரர்களுக்கு மாலை ஐந்திலிருந்து ஐந்தரை வரை நான் படித்துச் சொல்கிறேன். அது நானாகக் கொடுத்தது.

இன்றோடு பதினெட்டு நாள். முதல் நாள் மணி அடிக்குமே என்று பயந்தே தூக்கம் வரவில்லை. இப்போது படுத்தால் மூன்று மணி வரை அசைவதில்லை. மருந்து அலமாரிச் சாவி என் இடுப்பிலேயே இருக்கிறது.

இதைப் படித்ததும் நீங்கள் என்ன கேட்பீர்கள் என்று தெரியும். இவ்வளவுதான் விஷயம் என்றால் முதல் நாளே மணியைக் கழற்றி எறிந்திருக்கலாமே என்பீர்கள். ஃபியூஸ் அண்ணனும் அதையேதான் கேட்டார். தோன்றவில்லை என்று அவரிடம் சொன்னேன். உங்களிடம் பொய் சொல்ல வரவில்லை. போகும்போது உங்கள் சாவியை ஆணியில் மாட்டிவிட்டுப் போனீர்கள். சாவி இல்லாதவர் வந்தால் மணிதானே அடிக்க வேண்டும்? அதனால்தான் விட்டு வைத்தேன். ஒவ்வொரு முறை அடித்தபோதும் நீங்களோ என்றுதான் எழுந்து ஓடினேன்.

இனி நீங்கள் வந்து மணி அடித்தால் மனுக்காரர்தான் தன் கதவைத் திறப்பார், அப்புறம் உங்களுக்கும் ஒரு மனு எழுதிக் கொடுத்துவிடுவார். அதனால் ஆணியிலிருந்த சாவியை இந்த உறையிலேயே வைத்திருக்கிறேன். காகிதத்தில் சுற்றியிருக்கிறது, தொலைத்துவிடாதீர்கள். எந்த நேரமானாலும் நீங்களே திறந்துகொண்டு வாருங்கள். ஒன்பதிலிருந்து மூன்றுக்குள் என்றால் நான் தூங்கிக்கொண்டிருப்பேன். எழுப்புங்கள், பரவாயில்லை. அந்தச் சட்டம் உங்களுக்குக் கிடையாது.

உயரத்தில் வேலை, பெல்ட்டை மாட்டாமல் ஏறாதீர்கள். வேளைக்குச் சாப்பிடுங்கள். கோபத்தில் சாவியைத் தபாலில் திருப்பி அனுப்பிவிடாதீர்கள். நீங்களே கொண்டு வாருங்கள்.

இப்படிக்கு,
நம் வீட்டிலேயே இருக்கும்
உங்கள் மனைவி