ஓலை நின்ற வாரம்

இயேசு மரி சூசை துணை

ராயபுரம்,
18 டிசம்பர் 1979

அன்புள்ள ஐரீன் அப்பாவுக்கு,

ஆலிஸ் எழுதுவது. நானும் ஐரீனும் இருக்கிறோம். நலம் என்று எழுதக் கை வரவில்லை. கப்பல் எஞ்சின் ரூம் சூட்டில் நீங்கள் உடம்பைக் கெடுத்துக்கொள்ளாமல் இருக்க மாதாவை வேண்டிக்கொள்கிறேன்.

இறால் கொட்டகையில் இந்த மாதம் வேலை அதிகம். ஐஸில் கை வைத்து வைத்து விரல் நுனியெல்லாம் தோல் உரிந்துவிட்டது. பேனா பிடித்தால் எரிகிறது. அதனால் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஐரீன் கல்யாண அறிவிப்பாகக் கோயிலில் மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பது பாதியில் நின்றுவிட்டது. நின்றது என்னால்தான்.

பல்லைக் கடிக்காமல் மேலே படியுங்கள். நீங்கள் மாப்பிள்ளைப் பையன் வால்டரின் அப்பாவுக்கு வாக்குக் கொடுத்துக் கடிதம் போட்டபோது எனக்கும் சந்தோஷந்தான். ஹார்பரில் நிரந்தர வேலை, குடிக்காத பையன். ஜனவரியில் நீங்கள் லீவில் வரும்போதே முடித்துவிடலாம் என்றீர்கள். நானும் சாமியாரிடம் பெயர் கொடுத்தேன். முதல் ஞாயிறு ஓலை வாசித்த அந்த வாரமே ஐரீனுக்கு இந்திய அணியில் ஆட அழைப்பு வந்து நிற்கிறது.

ஆசியாவில் உள்ள நாடுகளின் பெண்கள் ஆடும் கால்பந்துப் போட்டியாம். முதலில் ஹாங்காங்கில் வைத்தார்களாம், அடுத்தது தைவானில். இந்த மூன்றாவது தடவை நம் நாட்டுக்கே, கோழிக்கோட்டுக்கு வருகிறது. நம் நாட்டிலிருந்தே இரண்டு அணி இறக்குகிறார்களாம். இல்லாவிட்டால் தன் பெயர் வந்திருக்காது என்று அவளே சொல்கிறாள். நாம் கல்யாணம் வைத்த அதே வாரம். உலகத்தில் வேறு வாரமே கிடைக்கவில்லை இவர்களுக்கு.

வால்டர் அம்மா ஹில்டாவிடம் போய்த் தேதியைத் தள்ளலாமா என்று கேட்டேன். “கல்யாணப் பொண்ணு டவுசர் மாட்டிகினு ஊர் ஊரா ஓடுனா நாலு பேரு இன்னா பேசுவாங்க” என்றார்கள். தள்ளினால் தவக்காலம் வந்துவிடும், நீங்களும் மறுபடி கப்பலேறிவிடுவீர்கள், அப்புறம் எப்போது என்றும் கேட்டார்கள். அதுவும் நியாயந்தான். வாயை மூடிக்கொண்டு வந்துவிட்டேன்.

ஐரீன் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. அழுதிருந்தால்கூட இரண்டு திட்டு திட்டியிருப்பேன். காலையில் மைதானத்துக்குப் போவதை நிறுத்திவிட்டு, என்னோடு இறால் உரிக்க வந்து உட்கார்ந்தாள். கூட ஆடுகிற வியாசர்பாடிக் கன்னியம்மா கொட்டகைக்கே தேடி வந்து கூப்பிட்டாள். அதற்கும் தலை நிமிரவில்லை. பத்தொன்பது வயதில் என் மாதிரியே முதுகு வளைந்து உட்கார்ந்திருந்தாள். எனக்குப் பொறுக்கவில்லை.

இந்த ஞாயிறு இரண்டாவது ஓலை. தடை ஏதும் அறிந்தவர்கள் தெரிவிக்க வேண்டும் என்று வாசித்தார்கள். பூசை முடிந்ததும் நேரே உள்ளே போய், தடை இருக்கிறது என்றேன். சாமியாருக்கு முகம் மாறிவிட்டது. ரத்த உறவா, ஏற்கெனவே கல்யாணம் ஆனவளா என்று கேட்டார். “பொண்ணுக்கு மேட்ச் கீது சாமி” என்றேன். அவர் சிரிக்கவில்லை, அது தடையாகாது என்றார். ஆனாலும் ஐரீனைக் கூப்பிட்டு, முழு மனதோடு சம்மதமா என்று கேட்டார். அவள் தரையைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பெண் வாய் திறந்து சொல்லாமல் மூன்றாவது ஓலை வாசிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார்.

ஓலை பாதியில் நின்றால் நம் தெருவில் அதற்கு என்ன அர்த்தம் என்று நான் யோசிக்கவே இல்லை. “பொண்ணுக்கு முன்னாடியே யாரோ கீறாங்கன்னு சொல்றாங்களே, மெய்யாவா” என்று குழாயடியில் ரோசி என் முகத்துக்கு நேரே கேட்கிறாள். மறைக்க ஒன்றும் இல்லாத பிள்ளைக்கு நானே பழி தேடிக் கொடுத்துவிட்டேன். தூக்கம் வரவில்லை.

நேற்று வால்டர் வந்தான். வேறு யாராவது உண்டா என்று அவனும் கேட்டான். இல்லையப்பா, பந்துதான் என்றேன். “மாமா ஒரு வார்த்தை எழுதுனா நான் காத்துகினு இருப்பேன். அம்மாவாண்ட நானே பேசிக்கிறேன்” என்று சொல்லிவிட்டு, போட்ட டீயைக்கூடக் குடிக்காமல் போனான். நல்ல பையன். அதனால்தான் இன்னும் கஷ்டமாக இருக்கிறது.

இதை உங்கள் கப்பல் கம்பெனி ஆபீஸ் விலாசத்துக்குத்தான் போடுகிறேன். பதில் வர நாளாகும். ஐரீனுக்கும் கன்னியம்மாவுக்கும் பயிற்சி முகாமுக்கு ரயில் இன்று சாயங்காலம். ஏற்றிவிட்டு வந்துதான் எழுதுகிறேன். கன்னியம்மா துணைக்குப் போயிருக்கிறாள். “அப்பா இன்னா சொல்லுவாரும்மா” என்று ஜன்னல் வழியாகக் கேட்டாள் ஐரீன். நான் பேசிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டேன்.

உங்கள் வாக்கை நான் கெடுத்துவிட்டேன். என்னைத் திட்டுங்கள், கேட்டுக்கொள்கிறேன். பிள்ளை மேல் குற்றமில்லை என்று மட்டும் வால்டர் வீட்டுக்கு ஒரு வரி எழுதுங்கள்.

இன்னொன்று. உங்கள் கப்பல் முதலில் கொச்சிக்குத்தான் வருமாம், அங்கேயே இறங்கிக்கொள்ளலாமாம், விசாரித்துவிட்டேன். இறங்கியதும் மதராஸ் ரயில் ஏறாதீர்கள். கோழிக்கோட்டுக்குப் போங்கள். அவள் வலது ஓரத்தில் ஓடுவாள். அவள் ஆடி நீங்கள் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. பார்த்துவிட்டு வாருங்கள், அப்புறம் அந்த வாக்கைப் பற்றிப் பேசுவோம்.

மாதா உங்களை நல்லபடியாக அந்தக் கரையில் இறக்கட்டும்.

உங்கள்
ஆலிஸ்