வசந்தி பழக்கிய கை

நவம்பர் 4, திங்கள்
விடிய மழை. பஸ்ஸில் இருக்க இடமில்லை. மகள் வசந்தியின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடிந்து இன்றைக்குத்தான் திரும்ப வேலைக்கு. மருந்துக் கம்பனியில் எல்லோரும் ஒரு மாதிரிப் பார்த்தார்கள். ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. நல்லது.

கூட்டினது: விறாந்தை, படி, கன்ரீன். லாப் நாளைக்கு என்று சொல்லிவிட்டேன். வசந்தி வேலை செய்த பரிசோதனை அறை. டெங்குக் காய்ச்சலோடு ஆஸ்பத்திரியில் கிடந்தபோதும், "அம்மா, லாப்பில சொல்லிவிடுங்கோ, நாளைக்கு வரேலாது எண்டு" என்றவள்.

கால் வீக்கம். வாங்க வேண்டியது: வேப்பெண்ணெய், சவர்க்காரம், தீப்பெட்டி.

நவம்பர் 5, செவ்வாய்
மழை விட்டு விட்டு. வழக்கத்துக்கு முதலே லாப்புக்குள் போனேன்.

ரோபோ கை வேலை செய்துகொண்டு நின்றது. பாணி மருந்துப் போத்தலைத் தூக்கி, சின்னக் கண்ணாடிக் குழாய்களில் ஊற்றி, தட்டில் அடுக்கும். பரிசோதனைக்கு. அதைப் பழக்கினது வசந்திதான். பொத்தானை அமத்தினால் கை தளர்ந்து கொடுக்குமாம். மணிக்கட்டில் பிடித்து ஒருமுறை செய்து காட்டினால், பிறகு அப்படியே செய்யுமாம். கூட வேலை செய்யும் பெட்டைகள் அதற்கு வைத்த பெயர் மாப்பிள்ளை. வசந்தி கைபிடித்த மாப்பிள்ளை. "சீதனம் கேளாத மாப்பிள்ளை, விட்டிடாதை" என்று நானும் பகிடி விட்டிருக்கிறேன்.

எல்லாம் நிறுத்தின பிறகுதான் நான் கூட்டப் போவது. அது வேலை செய்து பார்த்தது இன்றைக்குத்தான்.

ஊற்றி முடித்ததும் மணிக்கட்டை உள்பக்கம் சுழற்றுகிறது. போத்தல் வாயைக் குழாயின் விளிம்பில் மெல்லத் தொடுகிறது. ஒரு மூச்சு நிற்கிறது. பிறகுதான் எடுக்கிறது. அவள்தான். குசினியில் தேங்காயெண்ணெய் ஊற்றும்போதும் இப்படித்தான். "ஒரு துளிக்கு எவ்வளவு நேரமடி" என்று ஏசுவேன்.

கூட்டுகிற தும்புத்தடியைச் சுவரில் சாத்திவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

அந்தியேட்டியோடு போய்விடுவாள் என்றார் ஐயர். வீட்டில் அவளுக்கு வைத்த விளக்கும் தண்ணீர்ச் செம்பும் எடுத்தாச்சு. சாம்பலும் கடலில் கரைத்தாச்சு. அப்ப இது என்ன?

நவம்பர் 6, புதன்
வெயில். பிழை விட்டுவிட்டேன்.

ரோபோ கை சுழற்றும்போது அதன் மணிக்கட்டில் பிடித்துவிட்டேன். பிடிக்க நினைக்கவில்லை. கை போய்விட்டது. உடனே நின்றது. சிவப்பு லைற், சத்தம். குழாய் சரிந்து மேசையெல்லாம் மருந்து. வசந்தியின் சிநேகிதி கவிதா ஓடி வந்தாள். "ஐயோ அன்ரி, ஆக்கள் முட்டினா அது நிண்டிடும்!" ஒரு தட்டு முழுக்க வீண். திரும்ப முதலில் இருந்து.

மனேஜர் வந்தார். "மெசினில கை வைக்க உங்களுக்கு ஆர் சொன்னது?"

"கால் சறுக்கிப் பிடிச்சவா, சேர்." கவிதா சொன்ன பொய். அவர் என் காலைப் பார்த்தார். காய்ந்த தரை. திரும்பிப் போனார்.

இரும்பு. குளிர். நான் பிடித்ததும் பேசாமல் நின்றது. அவள் என்றால் உதறியிருப்பாள். "விடம்மா" என்று.

நவம்பர் 7, வியாழன்
திரும்பவும் மழை. குடை கம்பி உடைந்துவிட்டது.

ரோபோவைப் பார்க்கிற எஞ்சினியர் பிள்ளை சுதன் யாழ்ப்பாணத்தில் இருந்து வந்திருக்கிறான். மருந்துக்குப் புதுப் போத்தல் வருகிறதாம், வாய் பெரிசு. சனிக்கிழமை புதிதாகப் பழக்க வேணும், கவிதா பிடிப்பாள். மனேஜர் சொன்னது கதவடியில் கேட்டது: "அந்தச் சுழட்டல் ஒண்டும் வேண்டாம். வீண் நேரம்."

அவர் போன பிறகு சுதனிடம் போனேன்.

"தம்பி, பழசு என்ன ஆகும்?"

"அழிச்சிடுவம் அம்மா. ரெண்டும் கிடந்தா ஆரும் மாறிப் போட்டிடுவினம். ஏன் கேக்கிறீங்கள்?"

சொன்னேன். அந்தச் சுழட்டல் என் பிள்ளையின் கை என்று. சொல்வேன் என்று நினைக்கவில்லை. அவன் தலையைக் குனிந்துகொண்டான். பக்கத்தில் நின்ற கவிதா அழத் தொடங்கிவிட்டாள்.

"எனக்குத் தெரியும் அன்ரி. ஒவ்வொரு நாளும் பாக்கிறனான். நான் பிடிக்கமாட்டன்."

"பிடி பிள்ளை. அது உன்ர வேலை."

வாய் சொன்னது. நெஞ்சு சொல்லவில்லை. அழிக்க வேண்டாம் என்று மனேஜரின் காலில் விழலாமா என்றுகூட யோசித்தேன்.

நவம்பர் 8, வெள்ளி
வேலைக்குப் போகவில்லை. தலையிடி என்று சொல்லிவிட்டேன். சமைக்கவில்லை. பாணும் சம்பலும்.

பக்கத்து வீட்டுக்காரி பூசணிக்காய்த் துண்டோடு வந்தா. "அந்தியேட்டி முடிஞ்சும் இப்பிடிக் கிடந்தா எப்பிடி? பிள்ளை போற வழியெல்லாம் திரும்பித் திரும்பிப் பாக்குமெல்லே." உங்கட வேலையைப் பாருங்கோ என்று கத்திவிட்டேன். பாவம், பூசணிக்காயை வைத்துவிட்டுப் போனா.

அதுக்குப் பிறகு முழுக்க அந்த யோசனைதான். திரும்பித் திரும்பி.

நவம்பர் 9, சனி
வானம் மப்பு. மழை இல்லை. அரைநாள் வேலை.

தேத்தண்ணீர் நேரம். எல்லோரும் கன்ரீனில். சுதன் மட்டும் லாப்பில் நின்றான். பழைய போத்தலில் தண்ணீர் நிரப்பி வைத்திருந்தான்.

"அழிக்க முன்னம் ஒருக்கா விடுறன் அம்மா. வாங்கோ."

இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். தொடவில்லை. ஊற்றல், சுழற்றல், விளிம்பில் தொடல், ஒரு மூச்சு. ஒவ்வொரு குழாய்க்கும். அவசரமே இல்லை அவளுக்கு. கடைசிக் குழாயை அடுக்கிவிட்டு, போத்தலை வைத்துவிட்டு, கை தன் இடத்துக்குப் போய் நின்றது.

"இன்னொருக்கா விடவோ அம்மா?"

"காணும் தம்பி, போதும். அழியுங்கோ."

கன்ரீனுக்குப் போய், புதுசு பழக்கக் கவிதாவைக் கூட்டிக்கொண்டு வந்தேன்.