அக்கா சொன்ன அணி

ஜனவரி 12

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். போனில் கூப்பிட்டால் அணைத்து வைத்திருப்பதாகச் சொல்கிறது. கால்பந்து கிளப்புக்கு நீ ஹெட் கோச் ஆன நாளிலிருந்து ஊரில் உள்ளவர்கள் எல்லாம் உனக்கு யோசனை சொல்கிறார்களாம், அதனால் எடுப்பதில்லையாம். உன் மனைவி சொன்னாள். காகிதத்தை அணைக்க முடியாது பார், அதனால் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

பழைய கோச் பாதியில் விட்டுப்போய், துணைக் கோச்சாக இருந்த உன்னை அந்த இடத்தில் வைத்த செய்தி வந்தபோது நான் ஆஸ்பத்திரி லாண்டரியில் போர்வைகளுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன். அழுதுவிட்டேன். கையைச் சுட்டுக்கொண்டேன் என்று நினைத்துப் பக்கத்து மெஷின்காரி தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினாள்.

ஆனால் மூன்று ஆட்டம் முடிந்துவிட்டது, ஜெயித்த பாடில்லை. கோட்டோரத்தில் நின்று இரண்டு கைகளையும் ஏனடா அப்படி வீசுகிறாய்? டிராபிக் போலீஸ்காரர்கூட நடுவில் ஒரு தரம் கையை இறக்குவார். ஆட்டக்காரர்கள் பந்தைப் பார்ப்பார்களா, உன்னைப் பார்ப்பார்களா?

நான் எப்போதும் உட்காரும் கிழக்கு கேலரியில்தான் இருக்கிறேன். ஒரு பக்கம் டாக்ஸிக்காரர், மறுபக்கம் கணக்கு டீச்சர். எத்தனை வருடப் பழக்கம், ஆனாலும் நீ என் தம்பி என்று அவர்களிடம் சொல்லவில்லை. அடக்கம் ஒன்றும் இல்லை, பயம்தான். உன்னை என்ன சொல்கிறார்கள் என்று மறைக்காமல் காதில் விழ வேண்டும் எனக்கு. விழுந்த பிறகு தூக்கம் வருவதில்லை, அது வேறு கதை.

வேளைக்குச் சாப்பிடு.

உன் அக்கா


ஜனவரி 20

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. இனி கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறேன், போதுமா?

நேற்று வரை என் தோளில் கை போட்டுக் கிண்டல் செய்த ஆட்டக்காரர்கள், இப்போது நான் உடைமாற்றும் அறைக்குள் நுழைந்தால் பேச்சை நிறுத்திவிடுகிறார்கள். ஷூ லேஸைக் கட்டுவதுபோல் குனிந்துகொள்கிறார்கள். நான் சொல்வதற்கெல்லாம் தலையாட்டுகிறார்கள். நம்பி ஆட்டுகிறார்களா, சும்மா ஆட்டுகிறார்களா என்று தெரியவில்லை. துணைக் கோச்சாக இருந்தபோது எனக்கு எல்லாவற்றுக்கும் பதில் தெரிந்திருந்தது. இப்போது ஒன்று சொல்லி வாய் மூடுவதற்குள் வேறு தோன்றுகிறது.

நீயாவது பூசி மெழுகாமல் சொல்கிறாய். அடிக்கடி எழுது அக்கா.

தம்பி


பிப்ரவரி 3

அன்புள்ள தம்பிக்கு,

நீ கையைக் கட்டிக்கொண்டு நின்றாய், இரண்டு ஆட்டம் ஜெயித்தோம். நான் சொன்னேனா இல்லையா? லாண்டரியில் இரண்டு நாள் பாட்டுப் பாடிக்கொண்டே வேலை பார்த்தேன். மேற்பார்வையாளர் உடம்புக்கு என்ன என்று விசாரித்தார்.

ஆனால் போன வாரம் மறுபடி தோல்வி. கேப்டனை இன்னும் எத்தனை நாள் சுமப்பாய்? நல்லவர்தான், இல்லை என்று சொல்லவில்லை. கால் ஓய்ந்துவிட்டதே. பந்து அவரிடம் வந்தால் டீச்சர் கைப்பையைத் திறந்து எதையோ தேட ஆரம்பிக்கிறார். அவ்வளவு நேரம் கிடைக்கிறதாம். வேகமாக ஓடுகிறானே, கேலரியில் 'மின்னல்' என்று கூப்பிடுகிறோமே, அவனை அந்த இடத்தில் இறக்கிப் பார். நான் மட்டும் சொல்லவில்லை, கேலரி முழுக்க இதையேதான் கத்துகிறது. ஊர் வாயில் ஒரு உண்மை இருக்காதா?

கிளப் தலைவர் முகம் சரியில்லை. டிவியில் பார்த்தேன். எனக்குப் பயமாக இருக்கிறது தம்பி. அக்கா சொல்வதைக் கேள்.

உன் அக்கா


பிப்ரவரி 17

தம்பிக்கு,

நான்கு கோல். சொந்த மைதானத்தில்.

மின்னல் ஓடினான், ஓடினான், பந்தை விட்டுவிட்டே ஓடினான். நடுவில் யாரும் இல்லை, சந்தைக்குள் மாடு புகுந்ததுபோல் எதிரணி புகுந்தது. பெஞ்சில் கேப்டன் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்ததைப் பார்க்கச் சகிக்கவில்லை. யாரைக் கேட்டு அந்த மனிதரை உட்காரவைத்தாய்? தலையே இல்லாமல் உடம்பு ஆடுமா?

மின்னலை இறக்கு இறக்கு என்று கத்தினாரே டாக்ஸிக்காரர், அதே வாயால் நம் அம்மாவை இழுத்துத் திட்டினார். உன்னைப் பெற்றவளைச் சொல்லி. நான் முந்தானையைப் பிடித்துக்கொண்டு கல் மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

உன் வேலை என்ன ஆகும்? உடனே பதில் எழுது.

அக்கா


பிப்ரவரி 22

அன்புள்ள அக்காவுக்கு,

யாரைக் கேட்டு என்று கேட்டிருக்கிறாய். உன்னைக் கேட்டுத்தான் அக்கா.

பயிற்சியில் கேப்டன் நன்றாகத்தான் ஆடினார். அணியை எழுத உட்கார்ந்தேன், அவர் பெயரைத்தான் முதலில் எழுதினேன். பிறகு சட்டைப்பையிலிருந்து உன் கடிதத்தை எடுத்துப் படித்தேன். அடித்துவிட்டு மின்னல் பெயரை எழுதினேன். கையைக் கட்டியதும் நீ சொல்லித்தான். அம்மா போன பிறகு எந்தப் பள்ளி, எந்தச் சட்டை என்று எல்லாம் நீதானே சொன்னாய். நீ சொன்னால் சரியாக இருக்கும் என்று எனக்குள் ஊறிவிட்டது.

ஆட்டத்துக்கு முன் கேப்டன் என்னைத் தனியே கூப்பிட்டார். "காரணம் சொல்லுங்க கோச், ஏத்துக்கறேன்" என்றார். என்னிடம் காரணம் இல்லை. என் அக்கா சொன்னாள் என்றா சொல்வது? சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நான்கு கோலைவிட அதுதான் என்னைக் கொன்றது.

தலைவர் அடுத்த ஆட்டம் வரை பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார். தோற்றால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். அந்த அணியை நானே எழுதப்போகிறேன். தப்பாக இருந்தாலும் யார் வந்து கேட்டாலும் காரணம் சொல்லத் தெரிய வேண்டும்.

அதனால் இனி உன் கடிதங்களைப் பிரிக்கமாட்டேன். கோபம் இல்லை என்று சொன்னால் பொய். அதில் பாதி என் மேல். எழுதாதே என்று சொல்ல வாய் வரவில்லை. வந்தால் மேஜை டிராயரில் வைப்பேன். இந்த வேலையில் இருக்கும்வரை பிரிக்கமாட்டேன்.

என்னைத் தப்பாக நினைக்காதே.

தம்பி


மார்ச் 4

அன்புள்ள தம்பிக்கு,

நீ பிரிக்கப்போவதில்லை. தெரிந்தும் எழுதுகிறேன், சொல்லாவிட்டால் எனக்கு நெஞ்சு வெடித்துவிடும்.

உன் கடிதத்தைப் படித்த அன்று உன்மேல் அப்படி ஒரு கோபம் வந்தது. வளர்த்த கடா மார்பில் பாய்கிறது என்று தனியே உட்கார்ந்து புலம்பினேன். மறுநாள் போர்வை மடிக்கும்போதுதான் உறைத்தது. கேலரியில் ஆயிரம் பேர் கத்துவது காற்றோடு போகும். நான் மட்டும் அதைத் தபாலில் போட்டு உன் சட்டைப்பை வரைக்கும் அனுப்பியிருக்கிறேன்.

ஆட்டத்தன்று காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூட இறங்கவில்லை. நீ கேப்டனைத் திரும்ப இறக்கியிருந்தாய். பத்து நிமிடத்தில் கோல்கீப்பர் கைக்கு வந்த பந்தை நழுவவிட்டான், கோல். அவனை மாற்று என்று கேலரியே எழுந்து நின்றது. நானும் நின்றேன் தம்பி. பழக்கதோஷம், தொண்டை கிழியக் கத்தினேன். நீ பெஞ்சை விட்டு எழவில்லை. இடைவேளைக்குப் பிறகும் அவனையேதான் அனுப்பினாய். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

டாக்ஸிக்காரர் மறுபடி அம்மாவை இழுத்தார். இந்தத் தடவை என் வாய் சும்மா இருக்கவில்லை. "அவன் என் தம்பி. நீங்க பேசறது எங்க அம்மாவை" என்றேன். மனிதர் வெலவெலத்துப் போனார். டீச்சர் என் கையைப் பிடித்துக்கொண்டார், கடைசிவரை விடவில்லை.

நீ என்ன செய்கிறாய் என்று எனக்குப் புரியவே இல்லை. இத்தனை வருடம் பார்த்தும் புரியவில்லை. கேப்டன் முன்னால் போகாமல் நடுவிலேயே நின்றார், எதிரணி மெல்ல மெல்லக் களைத்தது. கடைசியில் அவர் தலையால் முட்டி ஒன்றுக்கு ஒன்று ஆனபோதுதான் நீ எதற்காகக் காத்திருந்தாய் என்று தெரிந்தது. கடைசி விசில் வரை கோல்கீப்பர் தடுமாறிக்கொண்டேதான் நின்றான். ஆனால் வேறு கோல் விழவில்லை. தோற்றால் போ என்றார்கள், நீ தோற்கவில்லை. அடுத்த ஆட்டத்துக்கு நீதான் கோச் என்று வெளியே வரும்போது பேசிக்கொண்டார்கள். அதற்கு அடுத்த ஆட்டம் என்ன ஆகுமோ என்று இப்போதே கவலைப்பட ஆரம்பித்துவிட்டேன்.

படியிறங்கும்போது டாக்ஸிக்காரர் பின்னாலேயே வந்தார். மன்னிப்புக் கேட்டார், பாவம். பிறகு என் காதருகே குனிந்து, "அம்மா, நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க. அந்தக் கோல்கீப்பரை மட்டும் மாத்தச் சொல்லுங்க. உங்க தம்பிதானே, நீங்க சொன்னா கேக்க மாட்டாரா?" என்றார்.

"கேக்க மாட்டான்" என்றேன்.

அதை எவ்வளவு பெருமையாகச் சொன்னேன் தெரியுமா? பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் அழுகை வந்தது.

உன் அக்கா