ரயில் கூரை நனைந்திருக்கிறதா?

16.10.1972, திங்கள்

மழை ஆரம்பித்துவிட்டது. இவரும் ஆரம்பித்துவிட்டார்.

மோட்டார் சைக்கிள் வாங்கி நாலு மாதம் ஆகிறது. வெயில் நாளெல்லாம் ராஜாத்தி மாதிரி பின்னால் உட்கார்ந்து பள்ளிக்கூடம் போனேன். இன்று காலை லேசாகத் தூறியது. வண்டியை வெளியே தள்ளினார், வானத்தைப் பார்த்தார், உள்ளே தள்ளினார். மறுபடி வெளியே. மறுபடி உள்ளே. நான் டிபன் டப்பாவும் கையுமாக வாசலில் நின்றேன். வழுக்குமாம், பொறுக்க வேண்டுமாம். பொறுத்தேன். குரோம்பேட்டைக்குப் போய்ச் சேர்வதற்குள் தலைமை ஆசிரியை மெட்டில்டா மிஸ் வருகைப் பதிவேட்டில் சிவப்புக் கோடு போட்டுவிட்டார். ஒன்பது பத்து ஆனால் கோடு. கோட்டுக்குக் கீழே கையெழுத்துப் போட்டேன். வேலைக்குச் சேர்ந்த இந்தப் பதினொரு மாதத்தில் இதுதான் முதல் தடவை.

18.10.72

இவர் படப்பையில் கூட்டுறவுச் சங்க ஆபீஸ் குமாஸ்தா. எதற்கும் ஒரு விதி இருந்தாக வேண்டும். இன்று மழைக்கு விதி போட்டார். மூக்குக் கண்ணாடியோடு முற்றத்தில் போய் ஒரு சின்ன ஜெபம் சொல்லி முடிக்கும்வரை நிற்பார். கண்ணாடியில் பன்னிரண்டு துளியோ அதற்கு மேலோ இருந்தால் மழை, குறைந்தால் தூறல். தூறலில் போகலாம். மழையில் கூடாது.

கண்ணாடியைக் கழற்றினால் இவருக்குக் கண் தெரியாது. ஆகவே எண்ணுவது நான். இன்று பன்னிரண்டு துளி, அதில் இரண்டு ஒட்டிக்கொண்டிருந்தன. அது ஒன்றா இரண்டா என்று எட்டு நிமிஷம் வாதம். அதற்குள் கண்ணாடி காய்ந்துவிட்டது. மறுபடி முற்றத்துக்குப் போனார்.

கோட்டுக்குக் கீழே.

23.10.72

பக்கத்து வீட்டு சாம்பசிவன் சாரையும் இதில் சேர்த்துக்கொண்டார். சார் வேலை பார்ப்பது நுங்கம்பாக்கம் வானிலை ஆபீஸில். ஆனால் அங்கே அவர் பார்ப்பது லீவு விண்ணப்பங்களை. இவருக்கு அந்த வித்தியாசமெல்லாம் கிடையாது. சாரும் பாவம், கேட்கிறாரே என்று வேட்டியை மடித்துக்கொண்டு வெளியே வந்து, மேற்கே கொஞ்சம், கிழக்கே கொஞ்சம் பார்த்துவிட்டு, "வந்தாலும் வரும், எலியேசர். வராமலும் போகலாம்" என்றார். இவர் அதைக் கவனமாகக் கேட்டுக்கொண்டார்.

25.10.72

இதை யாரிடம் சொன்னாலும் நம்ப மாட்டார்கள். எழுதியாவது வைக்கிறேன்.

காலையில் இங்கே தாம்பரத்தில் ஒரு சொட்டு இல்லை. அப்பாடா என்று புடவைத் தலைப்பைச் செருகினேன். "இங்க இல்ல. குரோம்பேட்டைல பெய்ஞ்சா?" என்றார். தெரிந்துகொள்ள ஒரு வழியும் கண்டுபிடித்திருந்தார். குரோம்பேட்டை வழியாக வரும் மின்சார ரயிலின் கூரை நனைந்திருந்தால் அங்கே மழை. கூரையைப் பார்க்க வேண்டுமானால் ஸ்டேஷன் மேம்பாலத்தில் ஏற வேண்டும். இரண்டு பேரும் நடந்தோம். பிளாட்பார டிக்கெட் வேறு. ரயில் வந்தது. இவர் பாலத்தின் மேலிருந்து எட்டிப் பார்த்து, நனைந்திருக்கிறது என்று தலையை ஆட்டினார். வீட்டுக்குத் திரும்பினோம்.

அந்த ரயில் அப்படியே திரும்பிக் குரோம்பேட்டைக்குத்தான் போகிறது! பெண்கள் பெட்டி காலி. குரோம்பேட்டைக்கு எப்படிப் போவது என்று தெரிந்துகொள்ள ஸ்டேஷனுக்குப் போய், குரோம்பேட்டை ரயிலை வழியனுப்பிவிட்டு வந்திருக்கிறோம்.

அப்புறம் கொட்டு கொட்டென்று கொட்டியது. கடைசியில் என்னைப் பஸ்ஸில் ஏற்றிவிட்டு, தானும் படப்பை பஸ்ஸைப் பிடிக்கப் போவதாகச் சொன்னார்.

28.10.72

நான் ஏன் பேசாமல் ரயில் ஏறவில்லை? சாவித்ரி மாமி, அதுதான் சாம்பசிவன் சார் வீட்டு மாமி, இதையேதான் கேட்டாள். சிரித்து மழுப்பினேன்.

போன வருஷம் நெரிசலில் என் செருப்பு ஒன்று தண்டவாளத்தில் விழுந்தது. ஒற்றைச் செருப்போடு வீட்டுக்கு வந்தேன். நான் அதை மறந்தே போனேன். இவர் மறக்கவில்லை. ஜூன் மாதம் ஒருநாள் வண்டியோடு வந்து நின்று, இனிமேல் நீ ரயிலில் இடிபட வேண்டாம் என்றார். சீசன் டிக்கெட்டைப் புதுப்பிக்கவும் விடவில்லை. எனக்காக அவ்வளவு யோசித்தவர்கள் அதுவரை யாருமில்லை. அன்றைக்கு எனக்கு அழுகையே வந்துவிட்டது. அந்த மனுஷனிடம் எப்படிப் போய், உங்கள் வண்டி வேண்டாம், ரயிலே மேல் என்று சொல்வது?

2.11.72

மெட்டில்டா மிஸ் ரூமுக்குக் கூப்பிட்டார். ஆறு தடவை கோட்டுக்குக் கீழே. என் தகுதிகாண் காலம் இந்த மாதம் முப்பதோடு முடிகிறது. வேலை நிரந்தரம் ஆவது அவர் எழுதும் நாலு வரியில் இருக்கிறது.

"இன்னொரு தடவை லேட் ஆச்சுன்னா, அந்த நாலு வரியை நான் எழுத மாட்டேன் ஞானஜோதி."

வந்து சொன்னேன். முகம் சுண்டிப்போயிற்று. வெகுநேரம் யோசித்தார். யோசித்துவிட்டு, நாளை முதல் துளி எண்ணுவதை ஐந்தரை மணிக்கே ஆரம்பித்துவிடலாம் என்றார்.

3.11.72

ஐந்தரைக்கு மழை இல்லை. ஆறரைக்கு இல்லை. எட்டுக்குக் கொட்டியது. இன்று பள்ளிக்கூடம் விடுமுறை விட்டதால் பிழைத்தேன்.

15.11.72

ஏறிவிட்டேன்.

விடியற்காலையிலிருந்தே பிசுபிசுத்துக்கொண்டிருந்தது. கண்ணாடியில் பதினொரு துளி. தூறல்தானே, கிளம்பலாம் என்றேன். குரோம்பேட்டையையும் பார்த்துவிடலாம் என்று ஸ்டேஷனுக்குக் கூட்டிப் போனார். மேம்பாலத்தில் இவர். கீழே பிளாட்பாரத்தில் நான். எட்டு நாற்பது. ரயில் வந்து நின்றது. எனக்கு அந்த நாலு வரிதான் கண்ணில் நின்றது. கால் தானாக ஏறிவிட்டது. பிளாட்பார டிக்கெட்டில் பயணம் — நான் பிள்ளைகளுக்கு நீதிபோதனை வேறு எடுக்கிறேன்.

வண்டி நகரும்போது மேலிருந்து இவர் குரல்:

"ஜோதி, ஏறாதே, கூரை நனைஞ்சிருக்கு!"

பெட்டியே சிரித்தது. எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. கோட்டுக்கு மேலே கையெழுத்துப் போட்டேன். இரவு இவர் சாப்பிட உட்கார்ந்தார். சோற்றைப் பிசைந்துவிட்டு எழுந்துவிட்டார்.

16.11.72

இன்றும் சாப்பிடாமலே ஆபீஸ் போனார். டிக்கெட் வாங்கி ரயிலில் போனேன்.

சாயங்காலம் மாமி ஒரு சேதி சொன்னாள். அவள் தம்பி படப்பை போகிற வழியில் முடிச்சூரில் கடை வைத்திருக்கிறான். "உங்காத்துக்காரர் தெனம் கொட்ற மழைல மோட்டார் சைக்கிள்ல பறந்துண்டு போறாராமே, படப்பைக்கு. பாத்துப் போகச் சொல்லும்மா."

பஸ்ஸில் போகிறேன் என்றாரே?

அப்போ அந்தத் துளி, ஜெபம், ரயில் கூரை — அதெல்லாம் என்ன கூத்து? என்னை ஏத்திட்டுப் போக மட்டும்தான் மழையா? உடம்பெல்லாம் பத்திக்கினு வருது.

17.11.72

கேட்டேவிட்டேன். முதலில் பஸ் கூட்டம் என்றார், அப்புறம் அவசரம் என்றார். நான் விடவில்லை. கடைசியில் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"தனியா விழுந்தா எழுந்துக்குவேன் ஜோதி. உன்னோட விழுந்தா என்ன பண்றது?"

செப்டம்பரில் ஒருநாள் ஈர ரோட்டில் பின் சக்கரம் லேசாக வழுக்கியதாம். எனக்குத் தெரியக்கூட இல்லை. அன்றிலிருந்து ஈரத்தில் நான் பின்னால் ஏறினாலே இவருக்குக் கை விறைத்துப் போகிறதாம். இதை முதலிலேயே சொல்லியிருந்தால் நான் ரயிலில் போயிருப்பேனே என்றேன். சொன்னால் பயந்தாங்கொள்ளி என்று நினைப்பாயே என்றார். இவ்வளவு நாளும் பைத்தியம் என்றல்லவா நினைத்துக்கொண்டிருந்தேன் என்றேன். அது பரவாயில்லை என்றார்.

கோபமாகத்தான் இருந்தேன். ஆனால் சிரித்துவிட்டேன். இவரும் இரண்டு நாள் கழித்து வயிறாரச் சாப்பிட்டார்.

19.11.72, ஞாயிறு

கோயில் முடிந்து ஸ்டேஷனுக்குப் போய் சீசன் டிக்கெட் வாங்கினோம். வரிசையில் இவரே நின்றார். மழை நாளில் ரயில், வெயில் நாளில் வண்டி. எது மழை என்று இனிமேல் நான்தான் சொல்வேன்.

1.12.72, வெள்ளி

நிரந்தரம் ஆகிவிட்டது. உத்தரவை மெட்டில்டா மிஸ் இன்று கையில் கொடுத்தார். உட்காரச் சொல்லிக் காபியும் வரவழைத்தார்.

காலையில் நல்ல மழை. சானடோரியம் ஸ்டேஷன் தாண்டும்போது ஜன்னல் பக்கம் இருந்த பூக்காரம்மா ஜி.எஸ்.டி. ரோட்டைக் காட்டினாள். தொப்பலாக நனைந்தபடி ஒரு மோட்டார் சைக்கிள் ரயிலுக்குப் பக்கத்திலேயே வந்துகொண்டிருந்தது. ஓட்டுகிறவர் பெட்டி பெட்டியாகத் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தார். இவர்தான். ஆபீஸ் படப்பையில், நேர் எதிர்த் திசை.

"இன்னாம்மா இது, இந்த மழைல ரயிலோட போட்டி போட்டுகினு வர்றான். வூட்ல சொல்றதுக்கு ஆளில்லியா?"

"இருக்காங்க" என்றேன். எழுந்து ஜன்னல் பக்கம் போய், இவர் கண்ணில் படும்படி குரோம்பேட்டை வரும்வரை நின்றுகொண்டே வந்தேன்.